கண்ணாடி நாரை அம்பினால் இழுத்தவர்: சேர் சாள்ஸ் வேர்ணன் பொய்ஸ் (1855 – 1944)

கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் சிறு மீன்பிடிப் படகுகளைத் தட்டிப் பாருங்கள். பலவற்றில் மரத்தின் ஓசை வராது. அவை கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்யப்பட்டவை. எமது மக்கள் அவற்றைப் பைபர் போட் என்பர். கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடி, கடலலையை எவ்வாறு தாங்குகின்றது என மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல வினா. அதற்கான விடையின் ஒரு பகுதி, படகுடன் எத்தொடர்பும் இல்லாத ஓர் ஆய்விலே கிடைத்தது.

அவ்வாய்வைச் செய்த சாள்ஸ் வேர்ணன் பொய்ஸ், 1855 மார்ச் 15 இல் இங்கிலாந்தின் விங் என்னும் கிராமத்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். இலண்டனிலுள்ள அரச சுரங்கவியற் கல்லூரியில் பயின்று, பின்னர் தென் கென்சிங்டனில் பௌதிகவியல் கற்பித்தார். அங்கு இவரிடம் கற்றவர்களில் ஒருவரே பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான எச். ஜீ. வெல்ஸ். பொய்ஸின் விரிவுரைகள் மிக மோசமானவை என வெல்ஸ் தமது சுயசரிதையில் குறைகூறியுள்ளார். ஆனால் அதே பொய்ஸ் சிறுவர்களுக்காக ஆற்றிய சவர்க்காரக் குமிழி பற்றிய விரிவுரைகள் 1890 இல் நூலாக வெளிவந்து, இன்றும் விரும்பி வாசிக்கப்படுகின்றன. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

மிகச் சிறிய விசைகளை அளப்பதே பொய்ஸின் நாட்டம். இதற்கு முறுக்கத் தராசு உதவும். ஒரு நூலில் சிறு கோல் ஒன்றைத் தொங்கவிட்டு, அது திரும்பும் கோணத்தை அளப்பதே இதன் முறை. அக்காலத்தில் பட்டுநூல் பயன்பட்டது. ஆயின் பட்டு ஈரலிப்பினால் மாறும். முறுக்கி விட்டால் தொடக்க நிலைக்குச் சரியாகத் திரும்பாது. நூல் மெல்லியதாயின் நன்மை அதிகம் என்பதையும் கவனிக்க. விட்டத்தை அரைவாசியாக்கினால் தாங்கும் நிறை நான்கிலொரு பங்காகக் குறையும். முறுக்கத்துக்கான எதிர்ப்போ பதினாறிலொரு பங்காகிவிடும்.

மெல்லிய நூலைக் கையால் இழுத்தெடுக்க முடியாது. கண்ணாடி அதற்குள் ஆறி இறுகிவிடும். எனவே 1887 இல் பொய்ஸ் ஒரு குறுக்கு வில்லைச் செய்தார். வைக்கோல் தண்டினாலான இலேசான அம்பின் வாலில் கண்ணாடிக் கோலை ஒட்டி, அதன் ஒரு பகுதியை உருக்கி, அம்பை எய்தார். அம்பு பறந்த வழியே ஏறத்தாழ 27 மீற்றர் நீளமும் 0.0025 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட நூல் கிடைத்தது. பின்னர் ஒட்சிசன் - ஐதரசன் சுவாலையில் குவாட்சை உருக்கி, இதனிலும் மெல்லிய நார்களைப் பெற்றார். முறுக்கி விட்டபின் குவாட்சு நார் ஏறக்குறைய முழுமையாகத் தொடக்க நிலைக்கு மீண்டது. மேலும், நார் மெல்லியதாகும்போது, ஒரே குறுக்குவெட்டுப் பரப்புக்குத் தாங்கும் இழுவிசை அதிகரித்து, உருக்கோடு ஒப்பிடக்கூடியதாயிற்று. நொறுங்கும் பொருள் நூலானதும் உறுதியான பொருளாயிற்று!

இந்நாரைக் கொண்டு பொய்ஸ் செய்த பெரும் பணி, ஈர்ப்பு மாறிலியை அளந்தமையாகும். 1798 இல் கவெண்டிஷ் ஏறத்தாழ 6 அடி நீளக் கோலைப் பயன்படுத்தினார். பொய்ஸின் கோலோ 2.5 சென்ரிமீற்றரிலும் குறைந்தது; அதில் தொங்கியவை சிறு பொற்கோளங்கள். வண்டிகளின் அதிர்வைத் தவிர்க்க, ஒக்ஸ்போட்டில் நிலக்கீழ் அறையொன்றில் இரவுநேரங்களில் அளவீடுகளை எடுத்தார். 1895 இல் வெளியான அவரது பெறுமானம் இன்றைய பெறுமானத்திலிருந்து ஏறத்தாழ 400 இல் ஒரு பங்கே வேறுபடுகின்றது.

மெல்லிய நார் ஏன் உறுதியானது என்பதை 1920 அளவில் கிரிபித் என்னும் பொறியியலாளர் விளக்கினார். கண்ணாடியை உடைப்பவை கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளே. மெல்லிய நாரில் பெரிய வெடிப்புக்கு இடமில்லை. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் கண்ணாடி நார் தொழிற்சாலைகளில் உற்பத்தியாயிற்று. பைபர் படகைக் கண்டுபிடித்தவர் பொய்ஸ் என விடை எழுதினால் புள்ளி கிடையாது. 1935 இல் சேர் பட்டம் பெற்ற அவர், 1944 மார்ச் 30 இல் காலமானார். கண்ணாடி நார்ப் படகுகள் அப்போதுதான் தோன்றிக்கொண்டிருந்தன.

இலங்கையில் காரைநகரின் சீநோர் தளம் இத்தகைய படகுகளைக் கட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தொழிலை இழந்த எமது மாவட்ட மீனவர் பலருக்கும் பைபர் படகுகளே வழங்கப்பட்டன. உடைந்த படகொன்றைத் திருத்துமிடத்தில் அதன் விளிம்பைப் பாருங்கள். பிசினுக்கு வெளியே வெண்ணிற மயிர்கள் போல நார்கள் நீட்டி நிற்கும். தொடவேண்டாம், தோல் அரிக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.01 முதல் 0.02 மில்லிமீற்றர் விட்டமுடையது. பொய்ஸ் அம்பினால் இழுத்த நூல் அதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கோ அதிலும் குறைவோ ஆன தடிப்பே உடையது.