மலைகளை ஜெயித்தவரைச் சாய்த்த காய்ச்சல்: யார் இந்த ஃபௌஸ்டோ கோப்பி?

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வீடு திரும்புகிறீர்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கிறது. என்ன செய்வீர்கள்? ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவோம். சாதாரண ஃப்ளூதான், ரெண்டு நாள்ல சரியாகிடும்னு நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம், இல்லையா?

1959 கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலியில் ஒருவருக்கு இப்படித்தான் காய்ச்சல் வந்தது. பார்த்த டாக்டர்களும் கடுமையான ஃப்ளூ என்றே முதலில் நினைத்தார்கள். 1960 ஜனவரி 2-ம் தேதி காலை அவர் இறந்துபோனார். வயது 40. உலகின் மிகச் சிறந்த சைக்கிள் பந்தய வீரர்களில் ஒருவர் அவர். பெயர் ஃபௌஸ்டோ கோப்பி.

ஜெயித்த பந்தயங்களுக்காக மட்டும் இவரை இன்றும் பேசுவதில்லை. ஒரு விளையாட்டு வீரர் தன் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையே மாற்றியவர் இவர். அவர்தான் ஒரு ரத்தப் பரிசோதனை தாமதமானதால் இறந்தார்.

இறைச்சிக் கடை டெலிவரி பையன்

கோப்பி பிறந்தது 1919 செப்டம்பர் 15-ல். வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், காஸ்டெல்லானியா என்ற சின்ன மலைக் கிராமம். விவசாயக் குடும்பம், கையில் காசு கிடையாது. பதின்ம வயதிலேயே பக்கத்து ஊரான நோவி லிகூரேயில் ஒரு இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் போய் வீடு வீடாக டெலிவரி செய்வதுதான் வேலை.

அந்த ஊரில்தான் பியாஜியோ கவான்னாவைச் சந்தித்தார். பார்வை இழந்த மசாஜ் நிபுணர், பயிற்சியாளர். கையால் தசையைத் தொட்டுப் பார்த்தே ஒருவரின் திறமையை எடைபோடக் கூடியவர் என்று பெயர் வாங்கியவர். ஒல்லியான இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

1940-ல் இத்தாலியின் மிகப்பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் கோப்பி இறங்கினார், ஆனால் உதவியாளராக. அதென்ன உதவியாளர்? சாலைப் பந்தயத்தில் ஒரு அணி முழுக்க ஒரு தலைவருக்காக ஓட்டும். மற்றவர்கள் முன்னால் போய்க் காற்றைத் தடுப்பார்கள், தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார்கள். கோப்பியின் அணித் தலைவர் ஜீனோ பார்த்தாலி, அப்போதே நாட்டின் ஹீரோ.

பந்தயத்தின் தொடக்கத்திலேயே பார்த்தாலி விழுந்து அடிபட்டார். ஃப்ளோரன்ஸிலிருந்து மொடேனா போகும் மலைப்பாதையில் கோப்பி தனியாகப் பறந்தார். 20 வயதில் பட்டம் அவருக்கு. பந்தயம் முடிந்தது ஜூன் 9. மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது.

போர் தின்ற வருடங்கள்

ராணுவத்தில் இருந்தபோதே, 1942 நவம்பரில் மிலனில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ-க்கும் மேல் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனையை அடுத்த 14 வருடங்களுக்கு யாராலும் தொட முடியவில்லை. ஆனால் அடுத்த வருடமே ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் போர்க்கைதியாகச் சிக்கினார்.

ஒரு வீரருக்கு உடல் உச்சத்தில் இருக்கும் வயதில், அவர் முகாமில் இருந்தார். கேரியர் பிரேக் எடுத்தவர்களுக்குத் தெரியும், திரும்பி வந்து அதே இடத்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. 1946-ல் மிலன்–சான் ரெமோ பந்தயத்தில் கோப்பி இறங்கினார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி 14 நிமிடம்!

அப்படி என்னதான் மாற்றினார்?

அதுவரை பந்தய வீரர்கள் காலையிலேயே வயிறு முட்ட இறைச்சி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கோப்பி எளிதில் செரிக்கும் உணவுக்கும் காய்கறி, பழங்களுக்கும் மாறினார். சும்மா மணிக்கணக்கில் ஓட்டுவதோடு நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பயிற்சி செய்தார். மசாஜ், ஓய்வு, தூக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். இன்று உங்கள் ஃபிட்னஸ் ஆப் சொல்வதில் பாதியை அவர் அன்றே செய்துகொண்டிருந்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊக்க மாத்திரைகள் எடுத்ததை அவர் மறைக்கவில்லை, பொதுவெளியிலேயே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அவற்றுக்குத் தடை இல்லை.

பலன் 1949-ல் தெரிந்தது. ஒரே வருடத்தில் ஜிரோவையும் டூர் டி பிரான்ஸையும் வென்ற முதல் வீரர் ஆனார். அந்த ஜிரோவில் கூனியோவிலிருந்து பினெரோலோ வரையிலான ஒரு நாள் ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது. ஐந்து மலைக் கணவாய்கள், 190 கி.மீ-க்கும் மேல் தன்னந்தனியாக. இரண்டாவதாக வந்த பார்த்தாலி கிட்டத்தட்ட 12 நிமிடம் பின்தங்கியிருந்தார்.

1951-ல் தம்பி செர்ஸே ஒரு பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். கோப்பி உடைந்துபோனார். ஆனாலும் 1952-ல் மறுபடி இரட்டைப் பட்டம். அந்த டூரில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். உதவியாளர் சாந்திரினோ கரேயா, எதிர்பாராமல் ஒருநாள் மொத்த நேரக் கணக்கில் முதலிடம் பெற்று மஞ்சள் ஜெர்சிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சந்தோஷப்படுவதற்குப் பதில், தலைவரின் இடத்தைப் பறித்துவிட்டோமே என்று பதறி அழுதார். கோப்பி அவரை வாழ்த்தினார். மறுநாள் ஆல்ப் துயேஸ் மலையேற்றத்தில் முதலில் வந்து அந்த ஜெர்சியைத் தானே எடுத்துக்கொண்டார்.

மொத்தத்தில் ஐந்து ஜிரோ, இரண்டு டூர், 1953-ல் உலக சாம்பியன் பட்டம்.

நீதிமன்றம் வரை போன காதல்

நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. பக்திமானான பார்த்தாலி ஒரு பக்கம், நவீன மனிதரான கோப்பி மறுபக்கம். 1950-களின் நடுவில் கோப்பியின் சொந்த வாழ்க்கையும் தலைப்புச் செய்தி ஆனது. திருமணமான அவர், திருமணமான ஜூலியா ஒக்கினியோடு வாழத் தொடங்கினார். இத்தாலியில் அப்போது விவாகரத்துக்குச் சட்டமே கிடையாது. திருமணத்தை மீறிய உறவு குற்றம். ஜூலியா சிறைக்குப் போனார், கோப்பியின் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. 1955-ல் இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அவர்கள் மகன் பிறந்தது அர்ஜென்டினாவில்.

கடைசிப் பயணம்

1959 டிசம்பரில், இன்று புர்கினா ஃபாசோ என்று அழைக்கப்படும் அப்பர் வோல்டாவுக்கு சில வீரர்கள் காட்சிப் பந்தயத்துக்குப் போனார்கள். பிறகு வேட்டை. கோப்பியும் பிரெஞ்சு வீரர் ரஃபாயேல் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். கொசுத் தொல்லை.

ஊர் திரும்பியதும் இருவருக்கும் காய்ச்சல். பிரான்சில் ஜெமினியானியின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மலேரியாவின் மிக ஆபத்தான வகையான ஃபால்சிபாரம் என்று தெரிந்தது. குயினைன் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவர் குடும்பம் இத்தாலிக்குத் தகவல் சொல்லியும் அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டோர்டோனா ஊர் மருத்துவமனையில் கோப்பியின் உயிர் பிரிந்தது.

ஒரே அறை, ஒரே கொசு, ஒரே நோய். ஒருவருக்கு மட்டும்தான் சரியான நேரத்தில் பரிசோதனை நடந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதற்கு 60 வருடத்துக்குப் பிறகு நடந்த மரணம் இது. நோயும் தெரியும், மருந்தும் தெரியும். சந்தேகம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

அடுத்த சீசனில் பார்த்தாலி நிர்வகிக்கும் அணியில் ஓட்ட கோப்பி ஒப்பந்தம் போட்டிருந்தார். வாழ்நாள் எதிரிகள் ஒரே பக்கம் நிற்கவிருந்தார்கள். அது நடக்கவே இல்லை.

இன்று என்ன மிச்சம்?

1965 முதல் ஒவ்வொரு ஜிரோவிலும் மிக உயரமான இடத்துக்கு 'சீமா கோப்பி', அதாவது கோப்பி சிகரம், என்று பெயர். அவர் நூற்றாண்டான 2019-ல் அவர் ஊரின் பெயரே காஸ்டெல்லானியா கோப்பி என்று மாறியது.

உங்களுக்கு மிச்சம் ஒரு சின்ன விஷயம். ஃபால்சிபாரம் மலேரியாவின் அறிகுறிகள் பெரும்பாலும் கொசு கடித்த ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும், அதுவும் ஃப்ளூ மாதிரியே இருக்கும். கவனிக்காமல் விட்டால் மூளை, சிறுநீரகம் வரை பாதிக்கும். அதனால் மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், எங்கே போயிருந்தீர்கள் என்று. ரத்தப் பரிசோதனையை அன்றே செய்துவிடுங்கள்.