அப்பா வாங்கித் தந்த எழுதுபெட்டி

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நான் எழுதிய சிறுகதைகளை நாளிதழின் மாணவர் பகுதிக்கு அனுப்பி வைத்தவர் என் அப்பா. உறையில் முகவரி எழுதுவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. நான் படிவம் ஆறில் இருந்தபோது அவர் காலமானார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் ஒரு கதைகூட எழுதவில்லை. எழுதினால் முதலில் யாரிடம் காட்டுவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். அதுவரை அவர் எனக்குத் தேர்வுக்குரிய ஒரு பெயர் மட்டுமே.

ஜேன் 1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, இங்கிலாந்தின் ஹேம்ஷியர் மாவட்டத்தில் ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். வருமானம் போதாததால் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். அவருடைய நூலகத்தில் ஏறக்குறைய 500 நூல்கள் இருந்தன. பெண்கள் நாவல் படிப்பதையே பலர் குறையாகப் பேசிய காலம் அது. அந்த நூல்களைத் தம் மகள் விருப்பம்போல் எடுத்துப் படிக்க அவர் தடை சொல்லவில்லை.

படிக்க விட்டதோடு அவர் நிற்கவில்லை. சிறுமியாக இருந்தபோது ஜேன் கதைகள் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் ஒன்று தந்தை கொடுத்த பரிசு. 1794ஆம் ஆண்டு இறுதியில் மரத்தாலான சிறிய எழுதுபெட்டி ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அது மகளின் 19ஆவது பிறந்தநாளுக்காகத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூடியைத் திறந்தால் சாய்வான எழுதுபலகை. உள்ளே தாளும் மையும் வைக்க இடம். எங்கே போனாலும் கையோடு எடுத்துச் செல்லலாம். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

1797இல், 21 வயதில், ஜேன் ஒரு நாவலை எழுதி முடித்தார். அவ்வாண்டு நவம்பரில் தந்தையே லண்டனில் இருந்த ஒரு புகழ்பெற்ற பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அச்சிட என்ன செலவாகும் என்றும் விசாரித்தார். கையெழுத்துப் படியைப் பார்க்காமலேயே பதிப்பாளர் மறுத்துவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது என் அப்பா ஒட்டிய தபால்தலைகள்தாம் என் கண்முன் வந்தன.

1801இல் தந்தை பணியிலிருந்து ஓய்வு பெற்றார். குடும்பம் பாத் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த 500 நூல்களும் விற்கப்பட்டன. 1803இல் ஜேனின் வேறொரு நாவலை ஒரு பதிப்பகம் 10 பவுண்டுக்கு வாங்கியது. ஆனால் வெளியிடவே இல்லை. அடுத்த ஆண்டு அவர் புதிய நாவல் ஒன்றைத் தொடங்கினார். நோயுற்ற ஒரு பாதிரியாரும் அவருடைய மகள்களும் அதில் வருகிறார்கள்.

1805 ஜனவரி 21ஆம் தேதி, இரண்டே நாள் நோயில், ஜார்ஜ் ஆஸ்டின் 73ஆவது வயதில் இறந்தார். கடற்படையில் இருந்த அண்ணன் ஃபிராங்கிற்குச் செய்தி சொல்லும் பொறுப்பு ஜேனுடையது. அன்றே கடிதம் எழுதினார். அண்ணனின் கப்பல் வேறு துறைமுகத்தில் இருப்பது மறுநாள் தெரிய வந்ததால், அதே துயரச் செய்தியை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டியதாயிற்று. கதையில் வரும் பாதிரியார் இறந்துபோவதாகவே அவர் திட்டமிட்டிருந்தார் என்று குடும்பத்தார் பின்னாளில் கூறினர். அந்த நாவலை ஜேன் முடிக்கவே இல்லை.

துக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தந்தையோடு அவருடைய வருமானமும் போய்விட்டது. தாயும் இரு மகள்களும் அண்ணன் தம்பிமார் கொடுத்த பணத்தை நம்பி வாழ்ந்தார்கள். வாடகை வீடுகள், உறவினர் வீடுகள், பிறகு சவுத்தாம்ப்டனில் ஃபிராங்கின் குடும்பத்தோடு கூட்டு வாழ்க்கை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் எந்த நாவலும் முடியவில்லை.

1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டன் என்ற கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். ஜேன் பழைய கையெழுத்துப் படிகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1811இல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ வெளிவந்தது. 1813 ஜனவரியில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ வந்தது. 1797இல் தந்தை அனுப்ப நினைத்த அதே நாவலின் திருத்திய வடிவம்தான் அது! அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் நம்பிக்கை பலித்ததை அவர் பார்க்கவில்லை.

மேலும் இரு நாவல்களை வெளியிட்ட ஜேன், 1817 ஜூலை 18ஆம் தேதி 41ஆவது வயதில் காலமானார். அவர் உயிரோடு இருந்தவரை எந்த நூலிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. அவருடைய நாவலை 10 பவுண்டுக்கு வாங்கிக் கிடப்பில் போட்டார்கள் அல்லவா? 2017 முதல் இங்கிலாந்தின் 10 பவுண்டு நோட்டில் இருப்பது அவருடைய முகம்.

மாணவர்களே, ஜேன் எப்படி மீண்டார் என்பதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எத்தனை வீடு மாறியபோதும் பழைய கையெழுத்துப் படிகளை அவர் தொலைக்கவில்லை. புதிதாக எழுத வராத காலத்திலும் எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த நூலைப் படித்து முடித்த வாரம், அலமாரியிலிருந்து என் பழைய கதைக் கோப்பை எடுத்தேன். அப்பா கடைசியாகப் படித்த கதை அதில் இருந்தது. இரண்டு பத்திகளைத் திருத்தினேன். இந்த முறை முகவரியை நானே எழுதினேன்.