கதீஜா நாயகியை மறவாத நெஞ்சம்

குறைஷியரின் பனூ அஸது கிளையில் குவைலிதின் மகளாகப் பிறந்தவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்கள். கணவரை இழந்தபின் ஆட்களை அமர்த்தி வாணிபம் நடத்தி வந்த மக்கத்துச் சீமாட்டி. அவர்களுடைய சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோய் நேர்மையாக விற்று வந்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். உடன் சென்ற மைஸரா கண்டதையெல்லாம் வந்து சொல்ல, நிக்காஹ் பேச்சு நாயகியின் பக்கமிருந்தே தொடங்கிற்று. கி.பி. 595 வாக்கில் மணம் நடந்தது. நபிகளாருக்கு வயது 25; நாயகிக்கு 40 என்பது பிரபலமான சொல்.

சுமார் 25 ஆண்டு இல்லறம். பல மனைவியரை மணப்பது அரபு நாட்டில் சாதாரணம். ஆயினும் கதீஜா நாயகி உயிரோடிருந்தவரை நபிகளார் வேறு மணம் செய்யவில்லை. 610-ல் ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி வந்தவர்களைப் போர்த்தித் தேற்றி, முதன்முதலாக ஈமான் கொண்டவர்கள் நாயகிதாம். குறைஷியரின் ஊர்விலக்கில் ஏறக்குறைய மூன்றாண்டு பட்டினியையும் உடன் தாங்கினார்கள். ஹிஜ்ரத்துக்குச் சுமார் மூன்றாண்டு முன்பு ரமலானில் வபாத்தானார்கள். அப்போது ஜனாஸாத் தொழுகை கடமையாகவில்லை. ஹஜூனில் தோண்டிய கபுறில் நபிகளாரே இறங்கி அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு மதீனா வாழ்வு, புதிய இல்லறங்கள், போர்கள். நம் வீடுகளில் மனைவி மறைந்து மறுமணமும் ஆகிவிட்டால், அவளுடைய தங்கை வாசற்படி மிதிக்கத் தயங்குவதைப் பார்க்கிறோமல்லவா? அவள் பெயரைச் சொன்னாலே புதியவளுக்கு ஆகாது என்று பிள்ளைகளின் வாயைக்கூட அடைத்துவிடுகிறோம்.

நபிகளாரின் இல்லத்தில் நடந்தது வேறு. ஆடு அறுத்தால் கதீஜா நாயகியின் தோழியர் வீடுகளுக்கு இறைச்சி போகும். ஒருமுறை நாயகியின் சகோதரி ஹாலா (ரலி) வந்து வாசலில் அனுமதி கேட்டார்கள். கதீஜா நாயகி அனுமதி கேட்கும் அதே விதம்! நபிகளாரின் உள்ளம் உருகிவிட்டது. வந்திருப்பவர் ஹாலாவாக இருக்கட்டும் என்று வேண்டினார்கள். இன்னொரு முறை ஒரு மூதாட்டி வந்தபோது அன்போடு நலம் விசாரித்தார்கள். கதீஜாவின் நாளில் வீட்டுக்கு வந்து போனவர் என்பதே காரணம்.

ஹாலாவின் மகன் அபுல் ஆஸ்தான் நபிகளாரின் மூத்த மருமகன். பத்ருப் போரில் (கி.பி. 624) எதிரணியில் வந்து சிறைப்பட்டார். அவரை மீட்க மனைவி ஜைனப் (ரலி) மக்காவிலிருந்து அனுப்பிய பொருளில் ஒரு கழுத்து மாலை இருந்தது. கல்யாணத்தன்று தாயார் கதீஜா நாயகி மகளுக்குப் போட்டு அனுப்பிய மாலை. கண்டதும் நபிகளார் மனம் நெகிழ்ந்து போனார்கள். ஆனால் தாமாக எடுத்துக் கொடுத்துவிடவில்லை. மீட்புப்பொருள் முஸ்லிம்களுக்கு உரியது. விரும்பினால் கைதியை விடுவித்து மாலையைத் திருப்பி அனுப்பலாமே என்று தோழர்களிடம்தான் கேட்டார்கள். அவர்களும் மனமார இசைந்தார்கள்.

இந்தப் பேச்சும் நினைவும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்குப் பொறாமையை மூட்டியதுண்டு. தாம் பார்த்தேயிராத கதீஜா மீது பட்ட பொறாமை வேறு யார் மீதும் பட்டதில்லை என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் அந்த வயோதிகப் பெண்ணுக்குப் பதிலாக அல்லாஹ் மேலானவரைத் தந்துவிட்டானே என்று பேசியும் விட்டார்கள். நபிகளார் ஒப்பவில்லை. ஊரார் மறுத்தபோது நம்பியவர், பொருள் தந்து தாங்கியவர், பிள்ளைச் செல்வம் தந்தவர் என்று கதீஜாவின் சிறப்பை எடுத்துரைத்தார்கள்.

ஆட்டிறைச்சி, ஹாலாவின் குரல், மூதாட்டியின் வருகை, ஜைனபின் மாலை ஆகிய இத்தனையையும் நமக்கு அறிவித்தவர்களும் அதே ஆயிஷா நாயகிதாம்.