கறிவேப்பிலைக்குப் பெயர் தந்த டாக்டர்

சித்திரை, வைகாசியில் மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் பளபளக்கும். அந்த வெயிலிலும் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையைத் தேடிப் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி வரும். இளந்தளிரில் முட்டை இடும்.

முட்டையிலிருந்து வரும் புழு, முதலில் பறவை எச்சம் போல இருக்கும். அதனால் பறவைகள் ஏமாந்துவிடும்! பிறகு பச்சை நிறமாகும். கூட்டுப்புழுவாகி, ஒருநாள் சிறகு விரித்துப் பறந்துவிடும். இதைச் செல்போனில் படம் பிடித்து மகிழ்கிறவர்கள் இன்று உண்டு.

கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயர் முர்ராயா கோனிகியை. அதில் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கிறது. அவர்தான் டாக்டர் கோனிக்.

தரங்கம்பாடியில்

கோனிக் 1728-ம் ஆண்டு, இன்றைய லாத்வியா நாட்டுப் பகுதியில் பிறந்தார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸிடம் படித்தார். உயிர்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டும் முறையை வகுத்தவர் லின்னேயஸ்.

மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர் வசம் இருந்தது. அங்கே பாதிரிமார்களின் சபைக்கு வைத்தியராக கோனிக் 1768-ல் வந்தார்.

நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, செடிகளையும் பூச்சிகளையும் தேடி அலைந்தார். அப்போது காமிரா ஏது? செடிகளைக் காகிதத்தில் அமுக்கி உலர்த்தினார். பூச்சிகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

பூச்சிகளை ஃபாப்ரீஷியஸ் என்ற டேனிஷ் அறிஞர் ஆராய்ந்து, உலகுக்கு அறிமுகம் செய்தார். 1771-ல் லின்னேயஸ், கறிவேப்பிலைக்குத் தம் மாணவரின் பெயரையே சூட்டினார்!

சம்பளம் போதவில்லை

புகழ் வந்தது, பணம் வரவில்லை. வைத்தியர் சம்பளம் ஆராய்ச்சிச் செலவுக்குப் போதவில்லை. ஆனாலும் கோனிக் ஆராய்ச்சியை விடவில்லை. வேலையைத்தான் மாற்றினார். 1774-ல் ஆற்காட்டு நவாபிடம் சேர்ந்தார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, சயாம், மலாக்கா வரை சென்று வந்தார்.

1785 ஜூன் 26-ந் தேதி, காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பால் காலமானார். வயது 56. அவருக்குக் கடைசியில் சிகிச்சை செய்தவர், பிற்காலத்தில் இந்தியத் தாவரங்களை ஆராய்ந்து பெரும் புகழ் பெற்ற ராக்ஸ்பர்க்.

கோனிக் எழுதி வைத்த குறிப்புகளில் பல, அவர் காலத்தில் அச்சேறவில்லை. ஆனால், அவர் பெயர் தாங்கிய இலை நம் வீட்டுத் தாளிப்பில் தினமும் மணக்கிறது. அதில் ஒரு புழுவைக் கண்டால் நசுக்கிவிட வேண்டாம். ஒரு கிளையை அதற்கு விட்டுக் கொடுத்தால், வீட்டிலேயே வண்ணத்துப்பூச்சி பிறக்கும்.