தாமஸ் பிளாஞ்சார்டு

வளைவும் நெளிவும் கொண்ட துப்பாக்கிக் கட்டையை உளியால்தான் செதுக்க முடியும் என்று எண்ணியிருந்த காலம் அது. 1788-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சட்டன் என்னும் ஊரில் பிறந்தார் தாமஸ் பிளாஞ்சார்டு. திக்குவாயர். ஆயினும் இளமையிலேயே ஆப்பிள் தோல் சீவும் பொறி ஒன்றைச் செய்தார். பின்னர்ச் சிற்றாணி செய்யும் இயந்திரம்.

துப்பாக்கிக் குழாய் கடையும் இயந்திரத்துடன் அவர் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலைக்குச் சென்றிருந்தபோது, கட்டை செதுக்கும் தொழிலாளி ஒருவர், தம் வேலையை எந்த இயந்திரமும் பறிக்க முடியாது என்று பெருமை பேசினாராம். அச்சொல்லே வித்தாயிற்று. 1820-இல் காப்புரிமை பெற்ற அவரது கடைசல் இயந்திரத்தில் இரும்பு மாதிரியும் மரக்கட்டையும் ஒருங்கே சுழலும். மாதிரியைத் தொட்டுச் செல்லும் சக்கரம் ஏறி இறங்குவதைப் போலவே வெட்டும் சக்கரமும் ஏறி இறங்கும். அச்சு மாறாமல் கட்டைகள் வந்து விழும்!

தச்சர் வீட்டுப் பிள்ளையாகிய என் மனம் அந்த உளிக்காரர் பக்கமே சாய்கிறது. எனினும் இயந்திரத்தால் இயலாத ஒன்று உண்டு. மரம் தேர்வதும் உலர்த்துவதும். கருப்பு வால்நட் மரத்தில் பிடிப்பகுதியின் வளைவோடு ஓடும் இழை பார்த்து அறுக்க வேண்டும். குறுக்கிழை ஓடினால் அவ்விடத்தில் முறியும். பின்னர் நிழலில் ஆண்டுக்கணக்கில் காய வேண்டும். ஈரம் வற்றும்போது மரம் ஆரத்திசையைவிட வளையங்களின் போக்கில் மிகுதியாகச் சுருங்குமாதலால், பச்சைக் கட்டையில் குழாய்க்கு வெட்டிய பள்ளம் கோணிவிடும். குறியும் தவறும்.

துப்பாக்கி ஒன்றுக்கு 9 சென்ட் வீதம் அரசு அவருக்கு அளித்தது. காப்புரிமையை மீறியோர் பலர். 1834-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் அதன் காலத்தை நீட்டித்தது. பிற்காலத்தில் மரத்தை முறியாமல் வளைக்கும் முறைக்கும் காப்புரிமை பெற்ற அவர், 1864-இல் பாஸ்டன் நகரில் காலமானார்.