துறைமுகத்து எழுத்தர்

பட்டமே அறிவின் அளவுகோல் என எண்ணிய காலத்தில், பட்டம் ஏதுமின்றி உலக அறிஞரின் உள்ளம் கவர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன்.

1887 திசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். கணிதக் காதலால் பிற பாடங்களைக் கைவிட்டார் இராமானுசன். குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-இல் சானகி அம்மையாரை மணந்தபின், குறிப்பேடுகளும் கையுமாக வேலை தேடி அலைந்தார்.

1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகம் அவரை ஏற்றது. கணக்குப் பிரிவில் எழுத்தர் பணி; மாதம் 30 ரூபாய் ஊதியம். அலுவலக மேலாளர் நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். எழுத்தரின் அருமையை உணர்ந்து தலைவர் சர் பிரான்சிசு சுபிரிங்கிற்கும் உணர்த்தினார். தாள் வாங்கப் பொருளின்மையால் இராமானுசன் கற்பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டுமே ஏட்டில் பதிப்பார். வறுமை அழித்த அந்த இடைப்படிகளை மீட்கப் பின்வந்த அறிஞர் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது.

1913 சனவரியில், துறைமுக எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டு கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு மடல் விடுத்தார். அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித் தொகை வழங்கிற்று. 1914 மார்ச்சு 17 அன்று, தாம் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்.

ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம்? நான்கிற்கு ஐந்து வழிகள். இருநூற்றுக்கோ ஏறத்தாழ 4 இலட்சம் கோடி வழிகள்! இவ்வெண்ணிக்கையைக் கணிக்கும் வாய்பாட்டை ஆர்டியுடன் இணைந்து கண்டார். 1916-இல் எண்சார்பு ஒன்றைப் பற்றி அவர் முன்மொழிந்த கருத்தைப் பெல்சிய அறிஞர் தெலீன் மெய்ப்பித்தது 1974-இல்தான்.

1918-இல் இலண்டன் அரசவைக் கழக உறுப்பினரானார். திரினிட்டிக் கல்லூரியும் சிறப்பித்தது. ஆயின் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும் குளிரும் நோயும் உடலை வாட்டின. 1919-இல் தாயகம் திரும்பியவர், நோய்ப்படுக்கையிலும் கணித்துக்கொண்டே இருந்து, 1920 ஏப்பிரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். அகவை 32. அவ்விறுதி நாட்களின் தாள்கள் 1976-இல் கேம்பிரிட்சு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

அவர் பணியாற்றிய துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில், கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் இராமானுசன் அருங்காட்சியகம் நிறுவினார். முழங்கை அழித்ததுபோக எஞ்சிய எழுத்துகளின் படிகளை வடசென்னைச் சிறார் அங்கே கண்டனர்.