அழுற பாப்பாவைத் தூக்கலாமா?
மேரி ஐன்ஸ்வொர்த் (1913–1999)

பாப்பா அழுதா உடனே தூக்காதே, பழகிடும்னு வீட்டுல சொல்வாங்க இல்லையா? அது சரியான்னு ஆராய்ந்தவர் மேரி ஐன்ஸ்வொர்த். அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்தார். 1939-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணவருக்கு உகாண்டாவில் வேலை கிடைத்ததால் 1954-ல் அங்கே போனார். சும்மா இருக்கவில்லை! 26 குடும்பங்களின் வீட்டுக்கே போய்த் தாயையும் சேயையும் கவனித்தார்.

பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பால்டிமோர் நகரில் இன்னும் 26 குழந்தைகளை முதல் ஒரு வருஷம் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். கண்டது என்ன தெரியுமா? அழுததும் ஓடி வந்த அம்மாக்களின் குழந்தைகள், ஒரு வயது நெருங்கும்போது குறைவாகத்தான் அழுதன! கூப்பிட்டா அம்மா வருவாங்க என்ற நம்பிக்கை அதுகளுக்கு வந்துவிட்டது. சில அறிஞர்கள் இதை மறுத்தார்கள். ஆனாலும் குழந்தை வளர்ப்பு பற்றிய எண்ணத்தையே மாற்றியவர் அவர்.

இனி தம்பிப் பாப்பா அழுதா, ஓடிப் போய்த் தூக்குவோமா?